தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்கள்

குமாரபாளையத்தில் பூவாத்தாள் வீட்டு ஸ்பீக்கரிலிருந்து முதலில் இறங்கி வந்தது ஒரு இருமல்தான். இருமலுக்குப் பின்னால் இருமலுக்குச் சொந்தக்காரர் ஜரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் வளையல் சத்தமும் அந்த வளையலைப் போட்டிருந்த மாமியும் வந்தார்கள், அப்புறம் பட்டுப்புடவைச் சரசரப்பு, வெற்றிலைப் பெட்டியை மூடுகிற சத்தம், யாரோ யாரையோ பார்த்து ‘உஸ்’ என்ற சத்தம், எல்லாம் அந்தந்தச் சத்தத்துக்குரிய ஆட்களோடு ஒவ்வொன்றாக இறங்கி வந்து, ஹாலில் சோபாவிலும் தரையிலும் ஜன்னல் திண்டிலும் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். பூவாத்தாள் யார் நீங்கள் என்று கேட்கவில்லை. வீடு தேடி வந்தவர்களை வாங்க என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம் என்பதால் வாங்க என்றாள், அடுப்படிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், வந்து பார்த்தபோது அவளுடைய நாற்காலியில் அங்கவஸ்திரக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பூவாத்தாளும் அவள் வீட்டுக்காரர் செங்கோட்டுவேலுவும் கல்யாணமான நாள் முதல் விசைத்தறி ஓட்டியவர்கள். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. தறி ஓடினால் பேச்சு கேட்காது, பேச்சு கேட்க வேண்டுமானால் தறியை நிறுத்த வேண்டும், தறியை நிறுத்தினால் உலை கொதிக்காது, ஆகவே அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைகூடச் சைகையில்தான் நடந்தது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, முழங்கால் தேய்ந்து, தறிகளை விற்று, கடைசித் தறி லாரியில் ஏறிய அன்று செங்கோட்டுவேலு காதைத் தடவிக்கொண்டே, “இனி ஊடு நிம்மதியா இருக்கும் புள்ள” என்றார்.

“உங்க நிம்மதி கெடக்குதுங்க,” என்றாள் பூவாத்தாள். “இத்தனை வருசம் ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் வேட்டி நெய்யற சத்தத்துக்குள்ள குடியிருந்தேன். இனி எனக்குப் புடிச்ச சத்தத்த நானே வாங்கி ஊட்டுக்குள்ள வெச்சுக்கறேன்.”

கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் இருந்ததிலேயே நெட்டையான ஜோடி ஸ்பீக்கரைக் கைநீட்டிக் காட்டி வாங்கினாள். அதைக் கொண்டுவந்து வைத்துக்கொடுத்த கடைக்காரப் பையன் நூல் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டான். இரண்டு ஸ்பீக்கரும் இந்தக் குறியும் முக்கோணம், இந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாலும் ஸ்பீக்கர் வாங்கியதே வீண் என்று சொல்லிவிட்டுப் போனான். பூவாத்தாள் அந்தக் குறியின்மேல் ஒரு ஒயர் நாற்காலியைப் போட்டாள். பட்டறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. தறிக்கு முன்னால் நிற்கத்தான் வேண்டும். தனக்கென்று அவள் போட்டுக்கொண்ட முதல் நாற்காலி அதுதான், அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் மறைக்கவும் இல்லை.

சரி, ஸ்பீக்கர் வந்துவிட்டது, போட்டுக் கேட்க என்ன வாங்குவது? சினிமாப் பாட்டு தெருவில் சும்மாவே கேட்கிறது, அதற்கு இவ்வளவு நெட்டையான ஸ்பீக்கர் எதற்கு, கச்சேரிதான் வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதும் ஊரில் உள்ள விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் வரிசைகட்டி வந்துவிட்டார்கள். ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர் வந்து, ஆரம்பிக்கிறவர்கள் இந்த ராகத்தில் ஆரம்பிக்க வேண்டும், அந்த ராகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார். தெருச் சங்கத்துச் செயலாளரும் சாயப்பட்டறை முதலாளியுமான நல்லசிவம் வந்து, பழைய ஆட்கள் பாடியதாகப் பார்த்து வாங்கு, அதிலும் பல் இருக்கும்போது பாடியதா பல் போனபிறகு பாடியதா என்று பார்த்து வாங்கு என்றார். இவர்களில் யாருமே முழுசாக ஒரு கச்சேரி உட்கார்ந்து கேட்டவர்கள் இல்லை என்பது வேறு விஷயம். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, அவள் மறுபடியும் கோயமுத்தூர் போய்க் கடைக்காரரிடமே கேட்டாள். அவர் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஸ்டுடியோவுல எடுத்ததுங்களா, சபாவுல எடுத்ததுங்களா?”

“என்னங்க வித்தியாசம்?”

“ஸ்டுடியோன்னா பாடறவங்க மட்டும் இருப்பாங்க, சுத்தமா இருக்கும். சபான்னா சனமும் சேந்து இருக்கும்.”

“சனம் இருக்கறதையே குடுங்க,” என்றாள் பூவாத்தாள். மனுஷப் பேச்சே காதில் விழாமல் கிடந்தவள் வேறு எதைக் கேட்பாள்?

அப்படித்தான் மெட்ராஸ் சபா ஒன்றில் எப்போதோ ஒரு மார்கழியில் நடந்த கச்சேரி குமாரபாளையத்துக்கு வந்தது, போட்ட நிமிஷத்தில் சனமும் வந்தது. பாடகர் மட்டும் ஏன் வரவில்லை என்று பின்னால் சிலர் கேட்டார்கள். அவருக்குப் பாடுகிற வேலை இருந்தது, மிருதங்கக்காரருக்கு வாசிக்கிற வேலை இருந்தது, வேலை இருக்கிறவர்கள் எழுந்து வர முடியுமா? வேலையில்லாதவர்கள் வந்தார்கள்.

அங்கவஸ்திரக்காரர் பெயர் பஞ்சாபகேசன். முதல் நாள் அவரை எழுப்ப மனசில்லாமல் பூவாத்தாள் ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றே கேட்டாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஓரத்தில் நின்றால் ஒரு ஸ்பீக்கர் கத்துகிறது, இன்னொன்று முனகுகிறது. கச்சேரி பாதி தாண்டியதும் பாடகர் நிறுத்திக்கொண்டு மிருதங்கத்துக்கு வழிவிட்டார். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற அந்த நேரத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர், அது ஆரம்பித்ததும் எழுந்து காப்பி குடிக்கப் போவது சபாக்காரர்களின் நெடுநாள் வழக்கம். முதல் தட்டு விழுந்ததும் பஞ்சாபகேசன் எழுந்தார், மாமி எழுந்தார், ‘உஸ்’ சொன்னவர் எழுந்தார், ஹாலே எழுந்து, “கேன்டீன் எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டு, தெருமுனையில் இருந்த காளியண்ணன் டீக்கடைக்குக் கூட்டமாய்ப் போய்விட்டது.

நாற்காலி காலியானது. பூவாத்தாள் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் ஸ்பீக்கர் வாங்கியதற்கு அர்த்தம் வந்தது. எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்து தோலில் விரலை வைக்கிறான், விரல் எடுக்கிறான், மூச்சு வாங்குகிறான், மூச்சு வாங்கியதுகூடக் கேட்கிறது. தறியும் இப்படித்தான் அடிக்கும், ஆனால் தறி யாருக்காகவும் நின்று யோசிக்காது; இந்தக் கை நின்றது, யோசித்தது, போன வழியிலேயே போவதுபோலக் காட்டி வேறு வழியில் போய், அவள் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நின்று சிரித்தது. அவளுக்கு என்ன தாளம் என்று தெரியாது, எத்தனை எண்ணிக்கை என்று தெரியாது, ஆனால் முதுகுத்தண்டு நிமிர்ந்துகொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது, தண்ணீரோடு கோபமும் வந்தது. ஒருத்தன் இந்தப் பாடுபட்டு வேலை செய்துகொண்டிருக்கும்போது எழுந்தா போவார்கள்?

தனி முடிந்ததும் எல்லாரும் காப்பி வாசனையோடு திரும்பினார்கள். பஞ்சாபகேசன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“சித்தே எழுந்துக்கறேளாம்மா? முன்வரிசை, நடு இடம். இது எப்பவும் நம்மளுது.”

வந்தவர்களோடு என்ன வாதம் என்று பூவாத்தாள் எழுந்துவிட்டாள். அதை நினைத்து அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு சாயங்காலம் நாலு மணிக்குச் சிடியைப் போட்டால் அவர்கள் வருவதும், கடைசியில் கைதட்டிவிட்டு ஸ்பீக்கருக்குள் போய்விடுவதும் தெருவுக்குப் பழகிப்போனது. எங்கிருந்து வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, செருப்பை எங்கே விடுவார்கள் என்றுதான் கேட்டார்கள். காளியண்ணன் டபரா செட் வாங்கிப்போட்டு, டிகாஷனைக் கெட்டியாக்கி, கடைப் பெயரைக் கேன்டீன் என்று மாற்றிக்கொண்டார். தையற்காரர்கள் மாமியின் ரவிக்கைக் கையைப் பார்த்து வைத்துக்கொள்ள, அந்த வருஷத் தீபாவளிக்கு ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அதே கையோடு நடந்தார்கள். ‘உஸ்’ சொல்கிறவரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடுக்குக் கேட்டார்கள். நல்லசிவம் தினமும் துவைத்த வேட்டியோடு வந்து பின்னால் உட்கார்ந்து, பஞ்சாபகேசன் தொடையில் தட்டும்போது தானும் தட்டி, அவர் ‘பேஷ்’ என்றால் தானும் ‘பேஷ்’ என்று சொல்லப் பழகினார். பெரிய மனுஷர்கள் காதுக்கு இரைச்சல் ஆகாது என்று தெரு முழுக்க நாலு மணியிலிருந்து தறிகளை நிறுத்தச் சொன்னார், தறிக்காரர்களும் நிறுத்தினார்கள். காவிரிக் கரைத் தெரு ஒன்று அந்த நேரத்தில் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

இத்தனை ஏற்பாட்டிலும் ஸ்பீக்கர்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூவாத்தாள் கோயமுத்தூர் போய் இன்னொரு சிடி வாங்கிவந்தாள், ஒரு அம்மாள் வேறொரு சபாவில் வீணை வாசித்தது. அட்டையில் அந்த அம்மாள் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார், அந்த முறைப்புக்காகவே வாங்கினாள். பஞ்சாபகேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரி மேலே வைத்தார்.

“இது வேண்டாம். நீங்க இப்பத்தான் ஆரம்பிக்கறேள், கொழம்பிப் போயிடுவேள்.”

“நான் வாங்குனதுங்க அது.”

“வாங்கினாப் போறுமா? கேட்கத் தெரிய வேண்டாமா?”

உண்மை என்னவென்றால், வேறு சிடி போட்டால் வேறு சனம் வரும், வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்காருவார்கள். அவருடைய ஞானமெல்லாம் கடைசியில் அந்த ஒயர் நாற்காலிக்குள் போய் அடங்கிவிட்டது.

அன்றைக்குப் பூவாத்தாள் ரிமோட்டைக் கையில் எடுத்தாள். தனி முடிந்து எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு படியேறி வருகிற சமயம் பார்த்து, தனியின் ஆரம்பத்துக்கே திருப்பி அழுத்தினாள். முதல் தட்டு விழுந்தது. ஏறிய கால்கள் தாமாகத் திரும்பி இறங்கின, தனி ஆவர்த்தனம் கேட்டால் உட்காரும் உடம்பு அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. திரும்பி வந்தார்கள், மறுபடி அழுத்தினாள், மறுபடி போனார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மிருதங்கம் கேட்டாள், பஞ்சாபகேசன் குடித்த காப்பிக்குக் கணக்கே இல்லை. இருட்டுகிற நேரத்தில் அவருக்குக் கை நடுங்கியது, மாமிக்கு நெஞ்சு எரிந்தது.

விஷயம் நல்லசிவத்திடம் போனது. ஊருக்கு வந்த மரியாதையை ஒரு தறிக்காரி கெடுக்கிறாளே என்று அவர் கொதித்துப்போய் ஒரு ஏற்பாடு செய்தார். பூவாத்தாள் வீட்டு ஹாலை இனிச் சங்கீத மன்றம் ஆக்கிவிடுவது; தலைவர் பஞ்சாபகேசன்; எந்தச் சிடி போடுவது என்பதை அவர் தீர்மானிப்பார், ரிமோட் அவர் கையில் இருக்கும்; வீட்டுக்காரி என்ற முறையில் பூவாத்தாளுக்குப் பின்வரிசையில் ஓரமாக ஒரு இடம் நிரந்தரமாக உண்டு. போர்டுகூட எழுதியாகிவிட்டது. செங்கோட்டுவேலு சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

“பெரிய மனுசங்க கேக்கறாங்க புள்ள. நமக்கு அதுல என்ன தெரியுது? ஓரமா உக்காந்தாலும் பாட்டு கேக்காமயா போயிரும்?”

“நம்ம பட்டறைல வந்து எவனாச்சு உங்களை ஓரமா நில்லுய்யா, நான் ஓட்டறேன்னு சொல்லியிருந்தா உட்டுட்டு நின்னிருப்பீங்களா?”

செங்கோட்டுவேலு பழைய வழக்கப்படி சைகையில் ஏதோ சொல்லப் பார்த்தார்.

“வாயில சொல்லுங்க. இப்பத்தான் தறி ஓடலையே,” என்றாள். அவர் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். அவர் நல்ல மனுஷர்தான். நாலு பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று நம்புகிற நல்ல மனுஷர்.

திறப்பு விழா அன்று வாசலில் வாழைமரம் கட்டி, ஹாலில் நாற்காலிகள் வாடகைக்கு எடுத்துப் போட்டு, பேங்க் மேனேஜரும் நல்லசிவமும் சந்தனம் பூசிக்கொண்டு நின்றார்கள். தெருவில் காலையிலிருந்தே தறியை நிறுத்தச் சொல்லியிருந்ததால் தறிக்காரர்கள் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. பூவாத்தாள் வழக்கம்போல ஒரு முறை சிடியைப் போட்டுவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டில் ரிமோட்டை வைத்துப் பஞ்சாபகேசனிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சிடி சுற்றியது, இருமல் வந்தது, வளையல் வந்தது, எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பஞ்சாபகேசன் நடு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பூவாத்தாள் தட்டைக் கீழே வைத்தாள், ரிமோட்டை எடுத்தாள், நேராகத் தனிக்குப் போய் அழுத்தினாள்.

சபா எழுந்தது. சபா எழுந்ததைப் பார்த்து நல்லசிவமும் எழுந்தார், பேங்க் மேனேஜரும் எழுந்தார், நாலு மாதமாக ரசனை பழகிய ஊர்ப் பிரமுகர்கள் அத்தனை பேரும் தனிக்கு உட்கார்ந்திருப்பது கௌரவக் குறைச்சல் என்று எழுந்து, ஜரிகையும் சந்தனமுமாகக் கேன்டீனுக்குப் போனார்கள். செங்கோட்டுவேலு வாசல்வரை அவர்களோடு போனார், அங்கே நின்று தன் பெண்டாட்டி தனியாக ஹால் நடுவில் நிற்பதைத் திரும்பிப் பார்த்தார், திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். அந்த மனுஷர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அது.

பூவாத்தாள் வாசலுக்கு வந்தாள். தறிக்கு நூல் தார் சுற்றுகிற பாவாயி ஓரமாக உட்கார்ந்து கால் நீவிக்கொண்டிருந்தாள்.

“பாவாயி, எந்திரி. எல்லாரையுங் கூட்டிட்டு உள்ள வா. சீட்டெல்லாம் காலியாக் கெடக்குது.”

“நாங்கெங்கக்கா? அது பெரியவங்க உக்கார்ற எடமாச்சே.”

“என்ற ஊடு அது. உக்காருன்னா உக்காருடி.”

வந்தார்கள். பஞ்சு ஒட்டிய தலையோடும் எண்ணெய்க் கறை லுங்கியோடும் வந்து, வாடகை நாற்காலியிலும் சோபாவிலும் ஜன்னல் திண்டிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பூவாத்தாள் நடுவில் உட்கார்ந்தாள். மிருதங்கம் உச்சத்துக்கு ஏறி, மூன்று முறை ஒரே சொல்லைச் சொல்லி இறங்கியது, பாடகர் விட்ட இடத்தில் வந்து சேர்ந்துகொண்டு பாட்டை முடித்தார். டம்ளரோடு திரும்பி வந்த கூட்டம் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது.

“என்ன அக்கிரமம் இது?” என்றார் பஞ்சாபகேசன். “எழுந்திருங்கோ. அது என் இடம்.”

“இல்லீங்க,” என்றாள் பூவாத்தாள், எழுந்திருக்காமல்.

“உங்களுக்குச் சங்கீதத்துல என்னம்மா தெரியும்?”

“ஒரு மண்ணுந் தெரியாதுங்க. தெரியாமத்தான் கேக்கறேன். தெரிஞ்ச நீங்கதான் எந்திரிச்சுப் போறீங்க.”

பஞ்சாபகேசனுக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் விவரமானவர். கதவுநிலையில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டார். “பாட்டு முடிஞ்சுடுத்து. இப்போ கைத்தட்டல் வரணும். அது எங்க கையில இருக்கு. நாங்க தட்டலைன்னா கச்சேரி நகராது.”

உண்மைதான். பிளேயரில் நகர்ந்துகொண்டிருந்த நொடி எண் நின்றுவிட்டது. ஸ்பீக்கருக்குள் தம்பூரா மட்டும் கேட்டது, யாரோ அசௌகரியமாகத் தொண்டையைச் செருமினார்கள். வாசலில் நின்ற அத்தனை பேரும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள், நல்லசிவமும் பிடித்துக்கொண்டார்.

பூவாத்தாள் கை தட்டினாள். பாவாயி தட்டினாள், லுங்கிக்காரர்கள் தட்டினார்கள், தரையிலிருந்து செங்கோட்டுவேலு தட்டினார். நூல் அறுத்து அறுத்துக் காய்ப்புக் காய்த்த கைகள், சபா நாகரிகம் தெரியாத தட்டல், வீட்டுச் சுவரே அதிர்ந்தது. ஸ்பீக்கருக்குள் தம்பூரா ஒரு கணம் தடுமாறியது. அப்புறம் பாடகரின் குரல், சிடியில் எங்கேயும் இல்லாத பேச்சு, மெதுவாகக் கேட்டது.

“என்ன பாடட்டும்?”

வாசலில் ஒரே கூச்சல். பேங்க் மேனேஜர் ஒரு ராகத்தைச் சொன்னார், நல்லசிவம் இன்னொன்றைச் சொன்னார், மாமி ஒன்று, ‘உஸ்’காரர் ஒன்று, பஞ்சாபகேசன் எல்லாரையும் அடக்கிவிட்டு அரிய கிருதி ஒன்றின் பேரைச் சொன்னார்.

“உட்கார்ந்திருக்கறவா சொல்லட்டும்,” என்றது குரல்.

பூவாத்தாளுக்கு ஒரு பாட்டின் பேரும் தெரியாது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. “நீங்க சித்த தண்ணி குடிங்க சாமி,” என்றாள். “கொட்டறவரு இன்னொருக்கா வாசிக்கட்டும். இத்தனை வருசமா அவரு கை வெச்சாவே எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. நாங்க போக மாட்டோம்.”

 ஸ்பீக்கருக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சிறு கல்லால் மிருதங்கத்து விளிம்பைத் தட்டிச் சுருதி கூட்டுவது கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை, அவசரமே இல்லாமல். அப்புறம் வாசிப்பு ஆரம்பித்தது.

வாசலில் நின்றவர்களுக்குக் கால் பரபரத்தது. பாதிப் பேர் வழக்கப்படி தெருவில் இறங்கிவிட்டார்கள். பஞ்சாபகேசனுக்கும் ஒரு கால் தெருப்பக்கம் திரும்பியது, ஆனால் இவர்கள் கேட்பதைத் தான் கேட்காமல் போவதா என்ற வீம்பில் இன்னொரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். காப்பி ஆறியது. மிருதங்கம் ஒரு வளைவில் நுழைந்து, மறைந்து, யாரும் நினைக்காத பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தபோது பூவாத்தாள் தாங்க முடியாமல் படபடவென்று கை தட்டிவிட்டாள்.

“ஐயோ, இங்கே தட்டக் கூடாது,” என்று வாசலிலிருந்து பஞ்சாபகேசன் பதறினார். “தாளக் கணக்கு இன்னும் முடியலை.”

பூவாத்தாள் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னும் பலமாகத் தட்டினாள், ஹால் முழுக்க அவளோடு சேர்ந்து தட்டியது. ஸ்பீக்கருக்குள் மிருதங்கக்காரர் வாய்விட்டுச் சிரித்தார், கை நிற்கவே இல்லை.